லம்புவின் தலைக்கு மேல் கொஞ்சம் இடம்

குதிரை வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏழுமலை எழுதுவது.

பிள்ளைகளே என்று எழுதும்போது என் கண்ணில் முதலில் வருவது என் மகள்தான். அவளும் உங்களோடு அதே லாயத்தில்தான் சவாரி சொல்லிக் கொடுக்கிறாள். போன வாரம் வீட்டுக்கு வந்தவள், யாரோ கோழிப்பண்ணை ஷெட்டை லாயமாக மாற்றப் போகிறார்களாம், யோசனை கேட்கிறார்களாம் என்றாள்.

"கூரை எவ்ளோ உயரம் இருந்தா போதும்ப்பா? ஒரு நம்பர் சொல்லு, குரூப்ல போட்டுடறேன்."

சொன்னேன். பத்தடிக்குக் குறையக் கூடாது, பன்னிரண்டு இருந்தால் நிம்மதி, பெரிய குதிரை என்றால் அதற்கும் மேலே. அவள் அதைப் போனில் தட்டிவிட்டு, மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டாள். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. நம்பர் சரிதான். ஆனால் தரைக்கும் கூரைக்கும் நடுவே ஒரு குதிரை நிற்கிறதே, அதைப் பற்றி ஒன்றுமே சொல்லாமல் அனுப்பிவிட்டோமே என்று இருந்தது. அதனால் எழுதுகிறேன். நான் எட்டாவது வரைக்கும்தான் படித்தவன். எழுத்தில் தப்பு இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள், விஷயத்தை விட்டுவிடாதீர்கள்.

ஜீவனஹள்ளியில் எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு பழைய பங்களா இருந்தது. இப்போது அங்கே அடுக்குமாடி. பங்களாவின் பின்பக்கத்து ஓட்டுக் கொட்டகையில் எங்கள் மேடம் சவாரிப் பள்ளி நடத்தினார். அங்கேதான் நான் லாயத்து வேலை பார்த்தேன். காலையில் கொள்ளு வேகும் வாசனை தெரு வரைக்கும் வரும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் கேட்டைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்ப்பார்கள். ஆட்டோக்காரர்கள் வண்டியை நிறுத்தி, "இன்னா ஏழுமலை, இன்னிக்கு எந்தக் குதிரை உன்ன உதைச்சுது?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். இன்றைக்கும் எங்கேயாவது கொள்ளு கொதித்தால் நான் அந்த கேட்டுக்குப் போய்விடுகிறேன்.

நான்கு குதிரைகள். மூன்று மட்டக்குதிரைகள், சின்னப் பிள்ளைகள் ஏறுவதற்கு. நான்காவதுதான் லம்பு. பந்தயத்தில் ஓடி ஓய்ந்த குதிரை. நல்ல உயரம், அதனால்தான் அந்தப் பெயர். பெயர் வைத்தவர் ரஹீம் பாய். குதிரையை வளர்த்துப் பார்த்துக்கொள்ளும் ஆளை நம் தொழிலில் சைஸ் என்போம். பாய் லம்புவின் சைஸ். பந்தய லாயத்திலிருந்தே லம்புவோடு இருந்தவர், லம்பு எங்களிடம் வந்தபோது கூடவே வந்துவிட்டார். வீடு சிவாஜிநகரில். காலையில் பஸ் பிடித்து வரும்போது சட்டைப்பையில் இரண்டு பன் இருக்கும். ஒன்று அவருக்கு, ஒன்று லம்புவுக்கு. எனக்கு ஏன் இல்லை என்று கேட்டால், "நீ என்ன ரேஸ்ல ஜெயிச்சியா?" என்பார்.

லம்பு சாது. ஆனால் சத்தம் ஆகாது. தட்டு விழுந்தால் போதும், தலையை விருட்டென்று மேலே எறியும். கயிறு பிடித்திருக்கிறவன் அந்த நேரத்தில் கீழே இழுத்தால் குதிரைக்கு இன்னும் பயம் கூடும், பின்னங்காலில் எழும்பிவிடும். அதனால் பாய்க்கு ஒரு சட்டம் உண்டு. குதிரை தலையைத் தூக்கினால் உன் கையும் கூடவே மேலே போகட்டும். அது இறங்கும்போது நீயும் இறங்கு. லாயத்துக்குப் புதிதாக யார் வந்தாலும் அவர் இதைத்தான் முதலில் கத்துவார்: "ஹாத் கூ ஜானே தே! கையப் போக வுடுறா, கையப் போக வுடு!" வருஷக்கணக்கில் அப்படிச் செய்து செய்து, தெருவில் லாரி ஹாரன் அடித்தால்கூட பாயின் வலது கை லேசாக மேலே எழும்பி இறங்கும். டீக்கடையில் டம்ளரோடு எழும்பி, டீ சிந்தும். நாங்கள் சிரிப்போம். சிரிப்பதற்காகவே சில நாள் நான் பக்கெட்டைக் கீழே போடுவேன்.

ஒருநாள் பங்களாக்காரர் இடத்தை விற்றுவிட்டார். மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். மேடம் ஊரெல்லாம் இடம் தேடினார். நகரத்துக்குள் குதிரைக்கு யார் இடம் கொடுப்பார்கள்? கடைசியில் ஆனேக்கல் பக்கம் ஒரு கௌடர் தன் பட்டுப்புழு வளர்க்கும் ஷெட்டை வாடகைக்குத் தருவதாகச் சொன்னார். புழுவீடு என்று அங்கே சொல்வார்கள். நல்ல காற்றோட்டம், சிமெண்ட் தரை, பக்கத்திலேயே கிணறு, சுற்றிலும் மல்பெரித் தோட்டம். எல்லாம் பொருந்தியது. கூரை மட்டும் கொஞ்சம் இடித்தது.

அந்தக் கூரை ஆகாது என்றால் லம்புவுக்கு இன்னொரு இடம்தான் தயாராக இருந்தது. கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிற ஒருவர் லம்புவைக் கேட்டிருந்தார். உயரமான குதிரை, மாப்பிள்ளை உட்கார்ந்தால் எடுப்பாக இருக்கும். மட்டக்குதிரைகளை எந்தப் பள்ளியும் வாங்கிக்கொள்ளும். வயதான, பெரிய குதிரையை வேறு யாரும் கேட்கவில்லை. ஊர்வலம் என்றால் என்ன? பேண்டு, டிரம்ஸ், பத்தாயிரம் வாலா வெடி. தட்டு விழுந்தாலே நடுங்குகிற குதிரை அது. அன்றைக்கு மேடமும் பாயும் நானும் அந்த ஷெட்டைப் பார்க்க ஆனேக்கலுக்குப் போனோம். வழியெல்லாம் பாய் லம்புவின் முகக்கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

புழுவீட்டில் மேடம் டேப்பை எடுத்து அளந்தார். ஷெட்டுக்குக் குறுக்கே இரும்புக் குழாய்கள் ஓடின. அவற்றுக்கு மேலே தகர ஷீட். தரையிலிருந்து குழாய் வரைக்கும் எட்டரை அடியும் கொஞ்சமும். மட்டக்குதிரைகளுக்கு அது ஒருமாதிரி போதும். லம்பு சும்மா நின்றால் காது ஏழடிக்குக் கொஞ்சம் மேலே இருக்கும்.

மேடம் என்னைப் பார்த்தார். "ஏழுமலை அண்ணா, நீங்க சொல்லுங்க. எஸ்ஸா, நோவா? இன்னிக்கே அட்வான்ஸ் குடுக்கணும். அந்தக் கல்யாணக்காரர் வேற ரெண்டு தடவை போன் பண்ணிட்டார்."

பாய் என்னைப் பார்க்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. பார்த்திருந்தால் சமாளித்திருப்பேன்.

பிள்ளைகளே, இப்படி ஒரு நேரம் உங்களுக்கும் வரும். எல்லாருக்கும் ஒரே பதில்தான் வேண்டியிருக்கும். அந்தப் பதில் நல்ல பதிலாகவும் தெரியும், யாருக்கும் கெடுதல் நினைத்துச் சொல்கிற பதிலும் கிடையாது. அப்போதுதான் கூரையை மறுபடி அண்ணாந்து பார்க்க வேண்டும்.

"மூணு சின்னக் குதிரைக்குச் சரி மேடம்," என்றேன். "லம்புவுக்கு வேணாம்."

பாய் திரும்பினார். "க்யா ஜி? எட்டரை அடி! லம்பு என்ன ஒட்டகமா?"

"நிக்கறதுக்குப் போதும் பாய். தலைய எறிஞ்சா?"

"நம்ம பங்களாவுல என்ன உயரம் இருந்துச்சு? இதே உயரம்தானே? அஞ்சு மழைக்காலம் நின்னான். ஒரு ஓட்டுலயாவது தலைய இடிச்சானா?"

அவர் சொன்னது உண்மை. பங்களாக் கொட்டகையும் ஏறக்குறைய இதே உயரம்தான். பிறகு தகரத்தைப் பார்த்தேன்.

"அது ஓடு பாய். மழை பேஞ்சாலும் மெத்துமெத்துன்னு கேக்கும். இது தகரம். முதல் தூறல்லயே மேளம் அடிக்கும். அங்க தட்டு, பக்கெட்டுச் சத்தமெல்லாம் வெளியில முற்றத்தோட சரி, கொட்டகைக்குள்ள நிக்கறப்ப அவன் தலைய எறியற அளவுக்குச் சத்தமே வரல. இங்க தினம் வரும்."

"பழகிடுவான்."

"பழகறதுக்குள்ள மண்டை உடையும். இன்னொண்ணு. இது இப்ப வெறும் தரை. படுக்கைக்கு வைக்கோல் போடுவோம். அது மிதிபட்டு இறுகி இறுகி ஒரு சாண் மேல வரும். கூரை அப்படியேதான் இருக்கும்."

"நான் தினம் பெருக்கறேன். சிமெண்ட்ட நாக்கால நக்கறேன், போதுமா?"

வாசலில் நின்ற கௌடர் சிரித்துவிட்டார். அவர் தமிழும் கன்னடமும் கலந்து பேசுவார். "என் புழுவும் தலை தூக்கும் சாமி, தோல் உரிக்கறப்ப. அப்படியே தலையத் தூக்கிக்கிட்டு தூங்கும். அதுக்கு அரை விரல் இடம் போதும். குதுரேக்கு இவ்ளோ கஷ்டம்னு எனக்குத் தெரியாது."

பாய்க்குச் சிரிப்பு வரவில்லை. "அந்தக் குழாய அறுத்துடலாம்," என்றார்.

"பேடா பேடா, வேணாம்," என்று கௌடர் பதறினார். "அதுதான் மேல இருக்கற ஷீட்டையே பிடிச்சிட்டிருக்கு. அறுத்தா குதுரே தலை மேல கூரையே வந்துடும்."

"அப்போ தரையத் தோண்டலாம்."

"தோண்டுனா ஆடி மாசத்துல இது புழுவீடு இல்ல, ஏரி."

பாய் என் பக்கம் வந்தார். குரல் இறங்கிவிட்டது. "ஏழுமலை. அவன் எங்க போவான்னு உனக்குத் தெரியும்ல? பேண்டு வாசிப்பானுங்க. கால்ல வெடி போடுவானுங்க. அங்க எந்தக் கூரையும் இல்ல, வானம்தான். அது உனக்கு நல்ல உயரமா?"

அங்கே போனால் கஷ்டம் என்பது எனக்கும் தெரியும். ஆனால் அங்கே கஷ்டம் என்பதால் இந்தக் கூரை உயர்ந்துவிடாது. அதைச் சொல்ல நாக்கு வரவில்லை.

பாய் மேடத்திடம் திரும்பினார். "மேடம், இவன் பயப்படறான். நான் காட்டறேன், நீங்களே பாருங்க."

ஓரத்தில் கிடந்த மர பெஞ்சை இழுத்துக் குழாய்க்குக் கீழே போட்டு அதன்மேல் ஏறினார். தோளில் இருந்த முகக்கயிற்றை எடுத்து விரித்து, லம்புவின் முகம் இருக்கும் உயரத்தில் வலது கையால் தூக்கிப் பிடித்தார். உள்ளே முகம் இல்லாத வெறும் கயிறு. ஆனால் அவர் பிடித்த விதத்தில் அதற்குள் லம்பு நிற்பது போலவே இருந்தது.

"இது அவன் மூஞ்சி. இது காது. இப்ப மேல பாருங்க. எவ்ளோ இடம் இருக்கு! ஒரு முழம்! நிம்மதியா நிப்பான் என் பையன்."

மேடம் அண்ணாந்து பார்த்தார். முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. நிஜமாகவே நிறைய இடம் இருப்பது போலத்தான் தெரிந்தது. எனக்கே, நாம்தான் ரொம்ப யோசிக்கிறோமோ, ஒரு நல்ல குதிரையின் பிழைப்பைக் கெடுக்கிறோமோ என்று வந்துவிட்டது. சரி பாய் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

அப்போது வெளியே இருந்த தென்னை மரத்திலிருந்து ஒரு காய்ந்த மட்டை விழுந்தது. நேராகத் தகர ஷீட்டின் மேல்.

ஷெட்டுக்குள் அந்தச் சத்தம் வெடி போலக் கேட்டது. மேடம் காதைப் பொத்திக்கொண்டார். கௌடர் குனிந்துவிட்டார். பாயின் கை மேலே போனது.

அவர் போக விடவில்லை, அது தானாகப் போனது. இத்தனை வருஷம் லம்பு இழுத்துப் பழக்கிய கை. முகக்கயிற்றோடு விருட்டென்று மேலே எழும்பிப் போய், இரும்புக் குழாயில் ணங்கென்று மோதியது.

மட்டை ஷீட்டில் சரசரவென்று சறுக்கித் தரையில் விழுந்தது. பாய் பெஞ்சின் மேலேயே நின்றார். விரல் முட்டியில் தோல் பெயர்ந்து ரத்தம் வந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. குழாயைப் பார்த்தார். பிறகு கையில் இருந்த முகக்கயிற்றை, அதன் உச்சிப் பட்டையை, குதிரையின் இரண்டு காதுக்கும் நடுவே வருகிற இடத்தை, இடது கையால் தடவினார். அங்கே ஏதாவது பட்டுவிட்டதா என்று பார்க்கிற மாதிரி.

"நக்கோ," என்றார். "வேணாம் மேடம். இங்க வேணாம்."

இறங்கி, பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார். நான் என் கைக்குட்டையை எடுத்து அவர் கையில் சுற்றினேன். கையைக் கொடுத்தார். என்னைத் திட்டவில்லை. சொன்னது சரியாகிப்போனதில் எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை பிள்ளைகளே. சரியாகப் போகாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மேடம் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். கல்யாணக்காரரிடம் பேசத்தான் போகிறார் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

கௌடர் தென்னை மட்டையை இழுத்து ஓரமாகப் போட்டுவிட்டு உள்ளே வந்தார். பாயின் கையைப் பார்த்தார். தாடியைச் சொறிந்துகொண்டார். பிறகு, "பாய், இங்க வாங்க," என்று கூப்பிட்டு, புழுவீட்டுக்குப் பின்னால் எங்களை நடத்திக்கொண்டு போனார்.

அங்கே அவருடைய டிராக்டர் நின்றது. புதுசு. பூஜை போட்ட மஞ்சள் இன்னும் அழியவில்லை. அதற்கென்று தனியாக ஒரு கொட்டகை கட்டியிருந்தார். மூன்று பக்கம் சுவர், ஒரு பக்கம் திறந்த வாசல். ராகித்தாள் ஏற்றிய டிரெய்லர் அப்படியே உள்ளே வர வேண்டும் என்று தகரக் கூரையை நல்ல உயரத்தில் போட்டிருந்தார். எங்கள் டேப் எட்டவில்லை. கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்த அவருடைய வீட்டம்மா, "சமையக்கட்டு ஒழுகுது, டிராக்டருக்கு அரண்மனை," என்று எங்கள் காதில் விழுகிற மாதிரியே சொன்னார். அதை அவர் தினமும் சொல்வார் போலிருக்கிறது.

கௌடர் டிராக்டரின் பானெட்டைத் தட்டினார். "இத எடுத்துப் புழுவீட்டுல வெச்சுக்கறேன். முன் பக்கம் எனக்கு, பின் பக்கம் உங்க சின்னக் குதுரேங்களுக்கு. நடுவுல ஒரு தடுப்பு. உங்க பெரியவர் இங்க நிக்கட்டும்."

பாய் நம்பாமல் பார்த்தார். "டிராக்டருக்கு அங்க உயரம் போதுமா?"

"டிராக்டர் தலை தூக்காது பாய்," என்றார் கௌடர்.

அன்றைக்கு முதல் தடவையாக பாய் சிரித்தார். நான் ஓடிப்போய் மேடத்தைப் போனை வைக்கச் சொன்னேன். அவர் கல்யாணக்காரரிடம், "ஒன் மினிட் சார், ஒன் மினிட்," என்று சொல்லிக்கொண்டே என் பின்னால் வந்தார். டிராக்டர் கொட்டகைக்குள் நுழைந்து அண்ணாந்து பார்த்தவர், போனைத் திரும்பக் காதில் வைத்து, "சாரி சார், குதிரை விக்கறதுக்கில்ல," என்றார்.

உடனே கொண்டுவந்துவிடவில்லை. தரையில் மண் போட்டுக் கெட்டிப்படுத்தினோம். சுவரில் நீட்டிக்கொண்டிருந்த கொக்கிகளைப் பிடுங்கினோம். வாசலுக்கு மூங்கில் அடைப்பு வைத்தோம். விளக்கை ஓரமாக, உயரத்தில் மாட்டினோம். இதெல்லாம் உங்களுக்கே தெரியும், யார் வேண்டுமானாலும் செய்யலாம்.

லம்பு வந்து சில நாளில் முதல் மழை பிடித்தது. மத்தியான நேரம். வானம் இருட்டியதுமே பாய் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடினார். நானும் போனேன். கௌடரும் குடை பிடித்துக்கொண்டு வந்து வாசலில் நின்றார். அவர் சமையலறை ஒழுகிக்கொண்டிருந்திருக்கும், அதைப் பார்க்கப் போகாமல் இங்கே வந்தார். பாய் லம்புவின் முகக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு, அதன் கழுத்தில் தன் தோளைச் சாய்த்துக்கொண்டு நின்றார். கையில் காயம் காய்ந்து கறுத்திருந்தது.

முதல் துளிகள் தகரத்தில் விழுந்தன. பிறகு மொத்தமாகக் கொட்டியது. மேளம் இல்லை, ஒரு ஊர்வலமே கூரைமேல் போவது போல இருந்தது. லம்புவின் கண் விரிந்தது. தலை விருட்டென்று மேலே போனது. பாயின் கையும் கூடவே மேலே போனது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

ஒரு சத்தமும் வரவில்லை, மழை தவிர.

கண்ணைத் திறந்தபோது தலை மேலேதான் இருந்தது. அதற்கு மேலே இன்னும் நிறையக் காலி இடம் இருந்தது. கை அங்கேயே காத்துக்கொண்டிருந்தது. மெல்ல மெல்லத் தலை இறங்கியது, கையும் இறங்கியது. லம்பு மூக்கைச் சீறிவிட்டு, பாயின் சட்டைப்பையை முட்டி பன் தேடியது.

லம்பு அந்தக் கொட்டகையில்தான் வயதாகி, படுத்து, போய்ச் சேர்ந்தது. டிராக்டர் கடைசி வரைக்கும் புழுவீட்டில்தான் நின்றது. பாய் இப்போது தும்கூரில் மகள் வீட்டில் இருக்கிறார். போனில் பேசினால் இன்றும் என்னை, "பயந்தாங்கொள்ளி" என்றுதான் கூப்பிடுகிறார். பிறகு, "லம்புவ நல்லாப் பாத்துக்கிட்டோம்ல?" என்று கேட்பார். ஆமாம் பாய் என்பேன்.

மகளே, அந்தக் கோழிப்பண்ணை ஷெட்டுக்கு நீ போகும்போது டேப்பைக் கொண்டுபோ. நம்பரும் இருக்கட்டும். ஆனால் அங்கே நிற்கப்போகிற குதிரையின் முகக்கயிற்றையும் எடுத்துக்கொண்டு போ. அதைப் பிடித்துப் பழகிய சைஸைக் கூட்டிக்கொண்டு போ. ஒரு பெஞ்சின்மேல் ஏறி, குதிரை நிற்கும் உயரத்தில் அதைப் பிடிக்கச் சொல். பிறகு சொல்லாமல் கொள்ளாமல் வெளியே போய் ஒரு கல்லை எடுத்துக் கூரைமேல் எறி.

உள்ளே வந்து, அவர் கை எங்கே நிற்கிறது என்று பார்.